படகில் இருந்த அத்தனை தலைகளும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். மளிகைச் சாமான் சீட்டுக்கு மேல் எதையும் எழுதிப் பழக்கம் இல்லை. அதைவிடப் பெரிய தயக்கம், இதில் என் சம்பந்தியம்மாவின் தலைமுடி வருகிறது. நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிற ஒருவரின் முடியைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதுவது மரியாதையா? கடைசியில் ஒரு கிருத்திகை அன்று வல்லக்கோட்டைக் கோயில் வரிசையில் நிற்கும்போது அவரிடமே கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதுங்க. ஆனா பின்னல் முட்டிக்கால் வரைக்கும் இருந்துச்சுன்னு எழுதணும்" என்றார். எழுதிவிட்டேன். இனி முருகன் பாடு.

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிப் பக்கம். அப்பா பாய்மரப் படகு வைத்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஏரி மீன் பிடிக்கிற எங்கள் சனத்திலிருந்தே என்னைப் பெண் கேட்டு வந்தபோது அப்பா வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "ஊர்ல தண்ணி கீதா?" என்று மட்டும் கேட்டார். கார்த்திகை மாதம் அது. மாமனார் அவரைக் கூட்டிப்போய் ஏரிக்கரையில் நிறுத்தினார். மழை பெய்து, உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்து, தண்ணீர் கடல் மாதிரிக் கிடந்தது. அப்பா அங்கேயே சரி என்றுவிட்டார். மற்ற பெண்கள் கட்டில் பீரோவோடு புகுந்த வீட்டுக்குப் போவார்கள். எனக்குச் சீர், லாரியில் ஏற்றிய ஒரு சின்னப் பாய்மரப் படகு.

கல்யாணம் வைகாசியில். லாரி வந்து நின்றபோது ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் படகைச் சுற்றி வந்து பார்த்தார். "இத வச்சிகினு இன்னா பண்றது? இட்லிக்கு ஊறப்போடறதா?" என்றார். கடைசியில் வாசல் வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போட்டோம். மேலே வடகம் காயும், கீழே கோழி அடையும். ஐப்பசி மழை பிடித்தால் கோழிகளை விரட்டிவிட்டுப் படகை நிமிர்த்துவோம். அதிலிருந்து பங்குனி வரை நாங்கள் கப்பல்காரர்கள். மிச்ச மாதங்களில் வடகக்காரர்கள்.

என் வீட்டுக்காரர் ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவர். படகில் சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். பஸ் ஓட்டிய கைக்கு இது அடங்கவே இல்லை. "உங்கப்பன் எனக்கு ராங் சைடு வண்டியக் குடுத்து ஏமாத்திட்டாம்மே" என்பார். கரைக்குப் போக நினைப்பார், படகு கோரைக்குள் போய் நிற்கும். நின்றதும், அங்கே நிற்கத்தான் வந்ததுபோல ஒரு பீடி பற்றவைப்பார். அதனால் பாயை நான் பிடித்தேன். எங்கள் ஒரே மகள் வளர்ந்ததும் சுக்கான் அவள் கைக்குப் போனது. அவருக்கு உத்தரவு போடும் வேலை மட்டும் மிஞ்சியது. அதைக் குறை வைக்காமல் செய்தார்.

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு வழக்கம் வந்தது. புதிதாகச் சம்பந்தம் பேச யார் வந்தாலும் அவர்களைப் படகில் ஏற்றி, அக்கரையில் இருக்கிற கன்னியம்மனுக்குக் கற்பூரம் காட்டித் திரும்பி வந்த பிறகுதான் வெற்றிலை பாக்கு மாற்றுவது. நாத்தனாருக்கு அப்படித்தான் அமைந்தது. கொழுந்தனாருக்கும் அப்படித்தான். சம்பந்திகள் பயந்துபோய் வந்து இறங்குவார்கள். பயந்தவர்கள் அதிகம் பேரம் பேசமாட்டார்கள் என்பது மாமியார் கண்டுபிடித்த நன்மை.

பிறகு ஏரி நிரம்பாத வருடங்கள் வந்தன. படகு வேப்பமரத்தடியிலேயே கிடந்து காய்ந்தது. பலகை இடுக்குகளில் விரல் நுழைந்தது. பாயை எலி தின்றது. அந்த வருடங்களில் மகளுக்கு இரண்டு இடம் வந்தது, படகு இல்லாமலே பேசினோம், இரண்டும் தட்டிப்போனது.

"ஜாதகம் பொருந்தலன்னு ஜோசியர் சொன்னதுக்குப் படகு இன்னாமே பண்ணும்?" என்று கேட்டார் இவர்.

"கன்னியம்மாவுக்குக் கற்பூரம் காட்டாம ஜாதகத்த எடுத்தா அது எப்படிய்யா பொருந்தும்?" என்றேன்.

மூன்றாவதாகக் குன்றத்தூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன், என் மகள் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே ஸ்டோர்ஸில் இருந்தான். தகப்பன் இல்லை, தாய் மட்டும். மகள் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவள் தூங்கப் போகாமல் வேப்பமரத்தடிக்குப் போய்ப் படகைத் தட்டிப் பார்த்தாள். "அம்மா, தைக்குள்ள இத ரெடி பண்ண முடியுமா?" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. இந்த இடம் நழுவினால் என் பெண் மனசு உடைந்துவிடும். அந்த வருடம் ஏரியும் நிரம்பியிருந்தது. இதைவிடச் சாமி உத்தரவு என்ன வேண்டும்?

எங்கள் மாடியில் தென் மாவட்டத்துப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். இவர் அதில் ஒருவனைப் பிடித்தார். "தம்பி, நீ தூத்துக்குடி ஜில்லாதான? படகு வேல தெரியும்ல?"

"அண்ணாச்சி, நான் கோயில்பட்டிப் பக்கம். எங்க ஊருக்குத் தண்ணியே லாரியிலதான் வரும். நான் கடலப் பாத்ததே மெரினாவுலதான்."

"இருந்தாலும் ஜில்லா ஒண்ணுதான?" என்று அவனைத் தலைமை மிஸ்திரி ஆக்கிவிட்டார்.

பையன்கள் கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிறவர்கள். ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறிப் படகைத் தேய்த்தார்கள். உளுத்த பலகை நாலை மாற்றினார்கள். இடுக்கிலெல்லாம் காருக்கு வைக்கிற பசையை வைத்து அடைத்து, மேலே பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். மகள் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள். சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்து அங்கங்கே வட்டம் போட்டாள். "அக்கா, எங்க சூப்பர்வைசர் தங்கம்க்கா, தங்கம்" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னான் கோயில்பட்டித் தம்பி.

இவர் தன் பங்குக்கு ஒரு பழைய பஸ் ஹாரன், ஒரு பக்கக் கண்ணாடி, உட்காருகிற பலகைக்கு ரெக்சின் உறை எல்லாம் மாட்டினார். பாய்க்குத் துணி வாங்க நான் காசு எடுத்து வைத்திருந்தேன். "துணி எதுக்கு? வூட்ல இல்லாததா?" என்று இவர் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். நாத்தனார் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு வைத்த பிளெக்ஸ் பேனர். தாய்மாமன் என்ற முறையில் இவர் அதில் கைகூப்பி நிற்கிறார், ஆளை விடப் பெரியதாக. "வருக வருக" என்பதை உள்ளே மடித்துத் தைத்தேன். அவரை மடிக்க முடியவில்லை.

மரப்படகு காய்ந்து கிடந்தால் தண்ணீரில் விடுமுன் சில நாள் ஊறவைக்க வேண்டும். பலகை தண்ணீர் குடித்து உப்பினால்தான் இடுக்கு மூடும். இது எனக்கும் தெரியும். ஆனால் பூஜை போடாத படகுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்றார் இவர். பூஜை போடச் சம்பந்தி வருகிற நாளைத் தவிர நல்ல நாள் இல்லை என்றது பஞ்சாங்கம். பஞ்சாங்கத்தைப் பார்த்தது நான்தான். மழையில் காரை ஒழுகவிடாத பசை, ஏரிக்கு ஒழுகுமா என்று பையன்களும் சொன்னார்கள்.

பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மாவின் பின்னலைத்தான் நான் முதலில் பார்த்தேன். முட்டிக்கால் வரைக்கும் இருந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. உட்காரும்போது அதை எடுத்து மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொள்வார். படகு வழக்கத்தைச் சொன்னதும், "சாமி காரியம்னா ஏறிக்கலாங்க" என்று பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். எமகண்டம் பிறப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்று நான் எல்லாரையும் விரட்டினேன்.

ஐந்து பேர். சுக்கானில் மகள், பாயில் நான், ஹாரனில் இவர், நடுவில் தாயும் மகனும். தேங்காய், பழம், வெற்றிலை வைத்த பித்தளைத் தாம்பாளம் அந்த அம்மா காலடியில். காற்று பிடித்தது. பாயில் இருந்த என் வீட்டுக்காரர் கன்னம் உப்பி எழுந்து ஏரி முழுக்கக் கும்பிட்டார். ஏரிக்கரை ரோட்டில் போன கம்பெனி பஸ்காரன் ஹாரன் அடித்தான். இவர் பதிலுக்கு அடித்தார்.

ஏரியின் பாதி தாண்டியிருப்போம். பையன் மெதுவாக, "ஆன்ட்டி, வாழப்பழம் மெதக்குது" என்றான்.

குனிந்து பார்த்தேன். தாம்பாளத்தைத் தண்ணீர் சுற்றியிருந்தது. இடுக்கெல்லாம் பசை கொத்தாகப் பெயர்ந்து தொங்கியது.

"தண்ணிய எறைங்க!" என்று கத்தினாள் மகள். பையன் வெற்றிலையைத் தூக்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு தாம்பாளத்தால் இறைத்தான். அவன் அம்மா பூஜைக்கு வைத்திருந்த செம்பால் இறைத்தார். இவர் விடாமல் ஹாரன் அடித்தார்.

"யாருக்குய்யா அடிக்கிற? வழி வுடறதுக்கு முன்னாடி யாரு போறாங்க?" என்றேன்.

"நீ பாய எறக்குமே!"

பிளெக்ஸ் இறங்கவில்லை. நனைந்து பாய்மரத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று வந்து படகை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்துக்கொண்டு போனது. அந்த அம்மா, "ஐயோ, எம்புள்ள!" என்று அலறினார். இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்:

"வல்லக்கோட்டை முருகா! கர சேத்துடுப்பா! படகுல கீற அத்தினி தலையும் ஒனக்கே மொட்ட!"

சொல்லி வாய் மூடவில்லை, தடக்கென்று படகு நின்றது. முருகன் பிடித்து நிறுத்தினதுபோல நின்றது. நான் அழுதுகொண்டே கும்பிட்டேன். பக்கத்தில் ஒரு எருமை எங்களைப் பார்த்தது. எருமை நின்றுகொண்டிருந்தது. அதன் வயிறு நனையவில்லை.

அதை மேய்க்கிறவர் அக்கரையிலிருந்து சொன்னார்: "எறங்கி நடந்து வாங்கம்மா. முட்டியளவுதான் தண்ணி."

ஏரி எங்கள் கரைப்பக்கம்தான் ஆழம், அக்கரைப் பக்கம் போகப்போகத் தரை மேடேறும். எனக்குத் தெரியாதா? பயத்தில் மறந்துபோனது.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். கன்னியம்மன் முன்னால் போய் நின்றதும் இவர்தான் ஆரம்பித்தார். "முட்டிக்கால் தண்ணிக்கு எதுக்குமே மொட்ட? வுட்று. முருகனுக்கே சிரிப்பு வந்துருக்கும்."

எனக்கும் அப்படி விட்டுவிடத்தான் ஆசை. நிச்சயம் பண்ணப்போகிற பெண்ணுக்கு மொட்டையா? அதிலும் வந்தவர்கள் தலையை நான் எப்படி வேண்டலாம்? அந்த அம்மாவின் காலில் விழாத குறையாகச் சொன்னேன். "மனசுல வச்சிக்காதீங்க. ஒங்க முடிய நான் சொன்னது தப்பு. என் தலைய மட்டும் குடுத்துடறேன்."

அவர் ஈரப் பின்னலைப் பிழிந்துகொண்டே சொன்னார். "ஆழத்த அளந்து பாத்தா வேண்டினீங்க? இல்லல்ல? முருகனும் அளந்து பாத்து நிறுத்தல. சொன்னா சொன்னதுதாங்க. அத்தினி தலன்னா அத்தினி தல. அதக் குடுத்துட்டு வந்து மத்ததப் பேசலாம்." வெற்றிலையை மகன் பையிலிருந்து எடுத்து அம்மன் காலடியில் வைத்துவிட்டார். மாற்றவில்லை.

மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அடுத்த கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் எல்லாரும் கூடினோம். நான் கடைசி முயற்சியாக, "பொண்ணுக்கு மட்டும் பூமுடி எடுத்துக்கலாமா? நாலு முடி கத்திரிச்சாலும் சாமிக்குச் சேரும்னு சொல்றாங்களே" என்றேன்.

"அது ஒங்க இஷ்டங்க" என்றார் அந்த அம்மா. குரல் மட்டும் இஷ்டப்படவில்லை.

பையன் தன் கவலையைச் சொன்னான். "எங்க கம்பெனி கேட்ல மூஞ்சிய காட்டினாத்தான் தொறக்கும்மா. மொட்ட போட்டா மெஷின் யாருன்னு கேக்கும்."

"எனக்குப் பிரச்சன இல்ல. என் கணக்க முருகன் எப்பவோ எடுத்துகினான்" என்று இவர் வழுக்கையைத் தடவினார். காதோரத்தில் இருந்த கொஞ்சத்துக்கும் மொட்டைச் சீட்டு வாங்க வைத்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முடி இறக்குகிறவர், "மொதல்ல யாரு?" என்று கேட்டார். திரும்பினால் மகள் போய் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் தண்ணீர்கூடத் தெளித்தாகிவிட்டது. "பூமுடில்லாம் வேணாம்மா. அரைகுறையா முடிச்சா எங்க கம்பெனியில ரிஜெக்ட்தான்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முடி விழ விழ, பையன் போய்ப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தான்.

அந்த அம்மா பின்னலை அவிழ்த்தார். அவிழ்க்கவே நேரம் பிடித்தது. முகம் ஆடவில்லை. கத்தி பட்டபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்ததும் தலையைத் தடவிப் பார்த்து, "அப்பாடா, எவ்ளோ காத்து!" என்றார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேராக என் மகளிடம் போனார். தலை முழுக்கப் பூசினார். பூசிக்கொண்டே சுற்றி வந்து பார்த்தார்.

"மண்ட நல்லா உருண்டையா கீது" என்றார். "மொட்டையிலயே இவ்ளோ லட்சணமா கீறா. முடியோட பாத்து முடிவு பண்றவங்க ஏமாறலாம், நான் ஏமாற மாட்டேன். எங்கங்க சம்பந்தி, வெத்தலபாக்கு?"

சம்பந்தி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. பிரகாரத்திலேயே, சந்தனக் கையோடு, ஐந்து மொட்டைகளுமாக வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் ஏதோ சாமியார் கூட்டம் என்று நினைத்து இவரிடம் விபூதி கேட்டார். இவரும் கொடுத்தார்.

கல்யாணத்துக்குள் மகளுக்கு விரலளவு முடிதான் வளர்ந்திருந்தது. சவுரி வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். மல்லிகையைத் தலையைச் சுற்றி வளையமாக வைத்தோம். இப்போது பேத்தி இருக்கிறாள். அவள் மண்டையும் உருண்டைதான்.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வேண்டுதல் பாக்கி வைத்திருக்கிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் ஒன்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒருவர் படகு மூழ்கியதாகச் சொல்கிறார். பக்கத்து ஊர் பிள்ளைப்பாக்கத்தில், எங்களைத் துரத்தி முதலை வந்ததாகப் பேச்சு. தண்ணீர் முட்டியளவுதான். அங்கே நின்றது எருமை. முருகன் காப்பாற்றினான். மூன்றும் உண்மை, மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.