லோரேன் கட்டிய பாதம்

அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஆற்றின் கிழக்குக் கரையில் லோரேன் கொவாச் என்றால் யாருக்கும் தெரியாது. தபால்காரர் வெர்னனின் மனைவி என்றால் தெருவுக்கே தெரியும். பல்கலைக்கழகத்தில் அவள் கணினிக்குள் மனிதப் பாதம் கட்டுகிறாள் என்று சொன்னால், "எதுக்கு? இருக்கிற பாதம் பத்தாதா?" என்று கேட்கிற ஊர் இது. அவளும் விளக்கிக்கொண்டு நிற்க மாட்டாள். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை.

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் புண் எங்கே வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடு. பாதத்தை ஸ்கேன் எடுத்து, இருபத்தாறு எலும்பையும் சதையையும் பிரித்து, எல்லாவற்றையும் லட்சக்கணக்கான துணுக்குகளாக வெட்ட வேண்டும். எலும்புத் துணுக்குக்கு ஒரு கடினம், குதிகால் சதைக்கு ஒரு மென்மை. பிறகு உடம்பின் எடையை ஏற்றினால், அதிகம் அழுந்துகிற இடம் சிவப்பாகத் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க, சர்க்கரை இருந்தும் புண் வராத பாதம் ஒன்று தேவைப்பட்டது. லோரேன் வீட்டிலேயே கேட்டாள்.

"முப்பத்தோரு வருஷம் தபால் சுமந்த காலு லோரி. சும்மா குடுத்துடுவேனா?" என்றான் வெர்னன்.

"முட்டைக்கோஸ் சுருள் பண்ணித் தரேன்."

"சாஸை தாராளமா ஊத்தினா ரெண்டு காலையும் எடுத்துக்கோ."

வெர்னனின் பாதத்தை வைத்துக் கட்டிய கணினி மாதிரி மார்ச்சில் முதல்முறையாக ஓடியது. இடது உள்ளங்கால் முழுக்கப் பச்சை. இரண்டாம் விரலின் அடியில் மட்டும் ஒரு பட்டாணி அளவுக்குச் சிவப்பு.

"என்ன லோரி, உங்க வீட்டுக்காரர் ஆணி மேல ஏறி நின்னுட்டாரா?" என்றான் பக்கத்து மேசை ஓடிஸ்.

"துணுக்கு கோணலா விழுந்திருக்கும்."

"அப்ப நிரவி விட்டுடு. சாப்பிடப் போலாம்."

இந்தத் தொழிலில் அது வழக்கம். ஒற்றைச் சிவப்பு தனியாக நின்றால் முதலில் சந்தேகப்படுவது வெட்டினதைத்தான், பாதத்தை அல்ல. பத்துக்கு ஒன்பது தடவை அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கும். அந்த ஒன்பதுதான் ஆளைக் கெடுக்கிறது. லோரேன் அந்தத் துணுக்குகளை அக்கம்பக்கத்தோடு சமமாக்கி நிரவினாள். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையில் கரைந்தது. கட்டினவளுக்குப் பாதத்தின் சொந்தக்காரன் பத்து நிமிட தூரத்தில் இருந்தான். "காலுறையைக் கழற்று, பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் வெர்னன் புல் வெட்டிவிட்டு உள்ளே வந்தபோது சமையலறைத் தரையெல்லாம் ரத்தம். அவனுக்கு வலியே இல்லை. சர்க்கரை அவன் இடது பாதத்தை எப்போதோ மரத்துப்போக வைத்திருந்தது. தடித்த தோலுக்கு அடியில் எலும்பு வரை சீழ் வைத்திருந்தது. இரண்டு அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள். அக்டோபரில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் லோரேன் நிரவாத பழைய மாதிரியைத் தேடி எடுத்து ஓட்டினாள். மதியத்துக்குள் சிவப்பு வந்தது. மருத்துவர் எடுத்த புண்ணின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மயிரிழை கூட விலகவில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும் லோரி. நானும்தானே நிரவச் சொன்னேன்? அவர்கிட்ட சொல்லித் தொலைக்காதே," என்றான் ஓடிஸ்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஓடிஸைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் அவளால் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு அவனுக்குச் சோறு போட முடியாது. கால் எடுத்தபின் சேர்த்திருந்த மறுவாழ்வு இல்லத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

வெர்னன் கரண்டியைக் கீழே வைத்தான். "எப்போ பாத்தே?"

"மார்ச்சுல. ஒரு வியாழக்கிழமை."

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன பண்ணினே?"

"நீ டிவியில பாஸ்கெட்பால் பாத்துட்டிருந்தே. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். உன் காலு என் மடியிலதான் இருந்துச்சு, வெர்ன்."



"எனக்குத்தான் லோரி அங்க உணர்ச்சி இல்ல," என்றான் வெர்னன். "உனக்கு இருந்துச்சே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சூப் ஆறுகிறது என்று சொல்லி, கரண்டியை எடுத்து ஊட்டப் போனாள். வெர்னன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.