கற்பூரம் பட்ட கூடாரம்

எங்கள் வீட்டில் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. பழைய ஓட்டு வீடு. சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய், இது போதும் என்று நின்றுவிடும். அதற்கு மேல் எல்லா அறைக்கும் பொதுவான ஒரே வெற்றிடம். நான் என் அறையில் தும்மினால் அடுப்படியிலிருந்து அம்மா "நூறு" என்பாள். கல்யாணமான புதிதில் என் மனைவி படுத்தபடி என் காதோடு ஏதோ கேட்டாள். பக்கத்து அறையிலிருந்து அப்பா பதில் சொன்னார். மோட்டார் நிறுத்தியாச்சா என்பதுதான் கேள்வி. பதிலும் சரியான பதில்தான். ஆனால் அன்றோடு அவள் முக்கியமான எதையும் வீட்டுக்குள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அப்படியிருக்கும்போது பேசியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று வந்து சேர்ந்தது. அவளுக்கு அரசு வேலைக்கு ஆர்டர் வந்தது. அகளி என்கிற மலையூரில் ஓர் ஆபீஸில் கிளார்க். எங்கள் ஊர் முதலமடையிலிருந்து தினமும் போய்வர முடியாத தூரம். போனால் அங்கேயே வீடு எடுத்துத் தங்க வேண்டும். நான் கூடப் போவதா, இல்லை அவள் ஹாஸ்டலில் தங்கி சனிக்கிழமை சனிக்கிழமை வருவதா, இல்லை வேலையே வேண்டாமா?

"வேல எங்க சாமி ஓடிப் போவுது? பக்கத்துலயே ஒண்ணு வராமயா போயிரும்?" என்றாள் அம்மா. அப்பா மாம்பூவுக்கு மருந்தடிக்கிற பேச்சை எடுத்தார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். படித்தவன் அல்லவா, இரண்டு பக்கத்து நியாயமும் தெரிந்து தொலைத்தது.

எனக்கு வேலை லேப்டாப்பில். நெட் இருந்தால் அகளியிலும் நடக்கும். என்னைப் பிடித்து வைத்திருந்தது வேறு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் என்னைத் தாண்டிப் போகாது. பேங்க், கரண்டு, கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீஸ், மருந்து டப்பாவின் பின்பக்கம், எல்லாமே. நான் உள்ளறையில் இருக்கும்போதே அப்பா மாட்டுக்கொட்டகையில் நின்று ஒரு நோட்டீஸைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். பாதி நேரம் தலைகீழாக இருக்கும், ஓரத்தில் மாட்டு வால் தெரியும். கீழே குரல் செய்தி: "இது என்னன்னு பாரு."

நாங்களும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் டைப் செய்து பேசுகிறவர்கள்தான். ஆனால் அகளி விஷயத்தை நான் டைப் செய்தபோது அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்து ஒரே வரி அனுப்பினாள்: "இத டைப் பண்ணிப் பேச முடியாது. உங்க மூஞ்சியப் பாத்துப் பேசணும்."

கூடாரம் வாங்குவது என்று முடிவு செய்தது அப்போதுதான். மலையேறும் ஆசை என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

எதையும் படித்துத்தான் செய்வேன் என்பது என் வியாதி. எடை குறைந்த கூடாரங்களைப் பற்றி இணையத்தில் பேசுகிறவர்கள் ஒரு தனிக் கூட்டம். முதுகுப் பையின் எடை குறைய வேண்டும் என்று பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அறுத்துவிடுகிறார்கள். சட்டையின் உள்ளே இருக்கும் சலவைக் குறிப்பை வெட்டி எறிகிறார்கள். அதே ஆள் வீடியோவில் திரும்பி நிற்கும்போது பார்த்தால், முன்பக்கம் தொப்பையாக அத்தனை எடையையும் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கிறார்.

அவர்கள் சொல்வதன் சாரம் இதுதான். கூடாரத்துக்கென்று தனியாகக் கம்பி எதற்கு? நடக்கும்போது ஊன்றிப் போகிற கோல்களையே நட்டு, துணியை அதன்மேல் இழுத்துக் கட்டினால் போயிற்று. இதில் ஒரு கோல் வகை, இரண்டு கோல் வகை என்று உண்டு. ஒரு கோல் வகைதான் எடை குறைவு, காற்றுக்கும் நன்றாக நிற்கும் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். மனைவியிடம் படத்தைக் காட்டினேன். கோல் நட்ட நடுவில், படுக்கும் இடத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு நின்றது.

"இதுக்கு உங்கம்மாவையே நடுவுல படுக்க வச்சுக்கலாமே," என்று டைப் செய்தாள்.

இரண்டு கோல் வகையை வாங்கினேன். ஆளுக்கொரு பக்கம் கோல், ஆளுக்கொரு வாசல், உள்ளே கொசுவலை, வெளியே சிலிக்கான் பூசிய மெல்லிய நைலான். 'இரண்டு பேர் படுக்கலாம்' என்று போட்டிருந்தது. எந்த மாதிரி இரண்டு பேர் என்று போடவில்லை. அது நமக்குச் சாதகம் என்று எடுத்துக்கொண்டேன்.

பொட்டலம் வந்த அன்று அப்பா அதை மாங்காய் நிறுக்கும் தராசில் வைத்தார். ஈ உட்கார்ந்ததாகக்கூட அது நினைக்கவில்லை.

"ஏண்டா, உள்ள ஏதாச்சும் இருக்குதா? கம்பியே காணோம்?"

"கம்பி கிடையாதுங்கப்பா. இந்தக் கோலுதான் கம்பி."

"கோலு ஊனி நடக்கற வயசாடா உனக்கு?"

மாந்தோப்பில் ஒத்திகை பார்த்தேன். கோலின் நீளத்தைச் சொன்ன அளவுக்கு வைத்து, நான்கு மூலையிலும் முளை அடித்து, இழுத்துக் கட்டினால் நிற்க வேண்டும். முதல் தடவை ஒரு பக்கம் மல்லாந்தது. அடுத்த தடவை என்மீதே படுத்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு வேறு வேலை இல்லை. கடைசியில் மூலைகளைச் சதுரமாக முதலில் அடித்துவிட்டு, காற்று வரும் பக்கத்துக் கோலை முன்னால் தூக்க வேண்டும் என்பது பிடிபட்டது. கூடாரம் விறைப்பாக எழுந்து நின்றது. சாம்பல் நிறம். நல்ல அழகு.

திரும்பிப் பார்த்தால் அம்மா தாம்பாளத்தோடு வருகிறாள். தேங்காய், எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், கற்பூரம்.

"அம்மா, இதுக்கெல்லாம் எதுக்குங்க?"

"எதுக்கா? மோட்டாருக்குப் பூச போட்டோம். மருந்தடிக்கிற மிசினுக்குப் போட்டோம். இதுக்குள்ள ரெண்டு உசுரு படுக்கப் போவுது, இதுக்குப் போடாம உடுவனா?"

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வாங்காமல், கற்பூரம் பார்க்காமல் வேலைக்குப் போனது கிடையாது. என் லேப்டாப்பின் மூடியில் இன்னும் சந்தனம் இருக்கிறது. ஆனால் அதுவரை வந்ததெல்லாம் இரும்பு அல்லது கட்டிப் பிளாஸ்டிக். தீபாராதனையைத் தாங்கும் உடம்பு.

"தள்ளி நின்னு காட்டுங்கம்மா" என்றேன். தள்ளி நின்றுதான் காட்டினாள். காற்றுதான் தள்ளி நிற்கவில்லை. கூடாரத்தின் வயிறு ஒரு மூச்சு உப்பி, தட்டை எட்டித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதுபோல் திரும்பி வந்தது. சத்தமே இல்லை. புகைகூட இல்லை. துணியில் ஒரு வட்டம் மட்டும் காணாமல் போயிருந்தது. அப்பா கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை அதற்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சரியாக நுழைந்தது.

"சன்னல் வெச்சாச்சு" என்றார்.

"சாமியே கண்ணத் தொறந்திருக்குது, நல்லதுதான்" என்றாள் அம்மா. ஆனால் குரல் இறங்கியிருந்தது. அன்று சாயங்காலம் வரை அவள் யாரையும் ஏசவில்லை. அதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாம்பழப் பெட்டிக்கு ஒட்டுகிற பழுப்பு டேப்பை அப்பா கொண்டுவந்தார். சிலிக்கான் பூசிய துணியில் டேப் ஒட்டாது, சிலிக்கான் பசைதான் ஒட்டும் என்று படித்திருந்தேன். சொன்னேன். கேட்காமல் ஒட்டினார். டேப் சுருண்டு அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. மறுநாள் மீன்தொட்டிக்குப் பூசும் அந்தப் பசையை வாங்கிவந்து, கூடாரத்தின் பையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். என் மனைவி படுக்கும் பக்கம், அவள் முகத்துக்கு நேர் மேலே.

எங்கே போவது? காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, அனுமதி வேண்டும். அவள் ஊர் காந்தலூர். அவள் அப்பாவுக்கு ஊருக்கு மேலே பூண்டு போடுகிற, படிப்படியாக வெட்டிய தட்டு நிலம் இருந்தது. பஸ்ஸில் கோல்களைப் பிடித்துக்கொண்டு போனதில் ஒரு நன்மை, எனக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். "கால்ல என்ன தம்பி?" என்று ஒருவர் உருக்கமாகக் கேட்டார். உண்மையைச் சொன்னால் எழுப்பிவிடுவார்களோ என்று சும்மா இருந்தேன்.

மாமனாருக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "மாப்ள வீடு வரைக்கும் வந்துட்டு வெளிய படுத்தா ஊர்ல என்ன நினைப்பாங்க? நான் ஏதோ வெரட்டி விட்டேன்னுல்ல பேசுவாங்க?" பிறகு இறங்கிவந்தார். ஒரே நிபந்தனை: மேல் தட்டில், வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் அடிக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருப்பார், ஆனால் காதுக்கு எட்டாது. எங்களுக்கு அது போதும்.

பூண்டு பிடுங்கிய நிலம். இடித்த மாவு மாதிரி மண். முளையை அடித்தால் வெண்ணெயில் போவதுபோல் போகும். இழுத்தால் அதே சுகத்தோடு வெளியே வரும். வெயில் சாயத் தொடங்கியிருந்தது, மலை மேலிருந்து காற்றும் இறங்கியது. முளையைப் படுக்க வைத்துப் புதைத்து, மேலே கல் ஏற்ற வேண்டும். கல் பொறுக்கி வருகிற வரை யாராவது துணிக்குள் நின்று கோல்களைப் பிடிக்க வேண்டும். அவள் உள்ளே புகுந்தாள். இரண்டு கையிலும் இரண்டு கோல், தலைக்கு மேல் துணி. வெளியிலிருந்து பார்க்க, போர்வை போர்த்திய சோளக்கொல்லைப் பொம்மை.

நான் கல்லோடு வந்தபோது பொம்மை பேசியது.

"நான் போகத்தான் போறேங்க."

"எங்க? இன்னும் ஒரு மூலை பாக்கி..."

"அகளிக்கு. நீங்க வந்தாலும் வராட்டியும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு தடவ சத்தமாச் சொல்லணும்னு இருந்துச்சு. உங்க வீட்ல சத்தமாச் சொல்ல எடமே இல்ல."

முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றவள். இப்போது நடுவில் துணி. அவள் விட்டால் கூடாரம் விழும், நான் நகர்ந்தால் கல் என் காலில் விழும்.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். கல்லு வெச்சிருக்கேன்."

"கீழ வைங்க மொதல்ல. எதுக்கு பயப்படறீங்க? வேலையா?"

"வேலை இல்ல. ஊட்டுல ஒரு லெட்டர் வந்தா யாரு படிப்பா?"

அப்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கல்லை வைத்துவிட்டு எடுத்தேன். அப்பா. தலைகீழாக ஒரு காகிதம், ஓரத்தில் மாட்டு வால். குரல் செய்தியை அமுக்கினேன். அந்த மலைச்சரிவில் அப்பாவின் குரல் கணீரென்று கேட்டது: "இது என்னன்னு பாரு."

கூடாரம் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாளோ என்று பயந்து துணியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கோலையும் பிடித்தபடி, கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டுக்கொட்டாயிலேர்ந்து உள்ளறைக்கே போட்டோதான் அனுப்பறாரு. அகளிக்கு அனுப்பினா மாட்டு வாலு தெரியாதாக்கும்?"

தலைகீழாக இருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கரண்டு லைனை உரசும் மரக்கிளையை வெட்டச் சொல்லி நோட்டீஸ். அப்பாவுக்குச் சொன்னேன். "செரி" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். என் படிப்புக்கு அந்த வீட்டில் இருந்த வேலை, காந்தலூரில் பூண்டுக் காட்டில் நின்றபடி முடிந்துவிட்டது. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

"நானும் வர்றேன்" என்றேன்.

"கடைசி மூலைய அடிங்க. கை கடுக்குது."

கீழே வாசலிலிருந்து மாமனார் கத்தினார். "மாப்ள! முடிஞ்சுதா இல்லையா?"

"முடிஞ்சுதுங்க மாமா!"

விடியற்காலையில் லேசாகத் தூறியது. ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து ஒரு சொட்டு கனத்து, யோசித்து, கடைசியில் அவள் நெற்றியில் விழுந்தது. "உங்கம்மா எழுப்பறாங்க" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

வெளிச்சம் வந்ததும் வரப்பில் நின்று வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்பாவின் பின்னால் மாடு மட்டும் பேசியது. பிறகு, "ஊடு கெடைக்கற வரைக்கும் அந்தத் துணிக்குள்ளயா இருப்பீங்க?" என்று கேட்டார். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கியிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று மட்டும் வந்தது.

"போறது போறீங்க. பாலு காச்சாம, பூச போடாம அந்த ஊட்டுக்குள்ள காலு வெச்சராதீங்க. கற்பூரம் நானே கொண்டாறேன்."

மனைவி பக்கத்தில் நின்று முளைகளில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"அங்க போய் காங்கிரீட் வீடாப் பாருங்க," என்றாள்.