சிவப்பு நூல் கட்டிய அம்பு

விரலில் தேன்மெழுகு ஒட்டினால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பின்னேரம்தான் நினைவு வரும்...

கல்யாணம் முடிந்த முதல் வருஷம். கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கமாக எங்கள் வீடு. ஹஜ் பெருநாளுக்குப் பாலமுனைக் கடற்கரையில் வில் போட்டி வைக்கிறார்களாம் என்று கேள்விப்பட்ட என் கணவர், மூங்கிலில் ஒரு வில்லும் ஏழு அம்பும் செய்துவிட்டார்.

ஆனால் ஒரு அம்பும் நேரே போகவில்லை. பின்வளவில் உமி மூட்டையைச் சாய்த்து வைத்து, இருபது காலடி தள்ளி நின்று எய்வார். எல்லாம் இடப்பக்கம் விலகும்.

"உங்கட கையில பிழையில்ல மச்சான், நாண்லதான் பிழை" என்றேன். தையல் மெஷினோடு கிடக்கிறவள் நான். நூல் எங்கே தளர்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

"அப்ப நீயே பாத்துச் செய் புள்ள" என்று சிரித்தார்.

செய்தேன். நாண் வில்லுக்கு மிகக் கிட்ட இருந்ததால் அம்பின் இறகு வில்லில் அடிபட்டது. நாணைக் கழற்றி இன்னும் முறுக்கினேன். வில்லுக்கும் நாணுக்கும் நடுவே ஒரு கைமுட்டியும் நிமிர்த்திய பெருவிரலும் வைக்கிற இடைவெளி வந்ததும் நிறுத்தி, நாணில் தேன்மெழுகு தேய்த்தேன். அம்பின் வால் வந்து உட்காரும் இடத்தில் நூலைச் சுற்றினேன். பழைய இறகுகளைப் பிய்த்து, சேவலின் ஒரே பக்கச் சிறகில் எடுத்தவற்றை ஒட்டினேன்.

ஆறு அம்பு மூட்டையின் நடுவில் போய் நின்றன. ஏழாவது மட்டும் விறைப்பு. மற்றவை போல வளையாது. வில்லைத் தாண்டும்போது இடப்பக்கம் பாய்ந்துவிடும். அதில் சிவப்பு நூலைக் கட்டி ஒதுக்கி வைத்தேன்.

ஒதுக்கியதோடு விட்டிருக்கலாம்...

ஒரு பின்னேரம். அவர் கடையில். நான் அந்த அம்பை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கினேன். வளைத்துப் பார்த்தேன், வளைந்தது. ஒரே ஒரு தரம் எய்து பார்ப்போம் என்று வில்லை எடுத்தேன்.

விட்ட கணத்திலேயே இறகு ஒன்று பிய்ந்து என் கையில் அடித்தது. அம்பு வாலை ஆட்டிக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, தென்னோலைக் கிடுகு வேலியைத் துளைத்துக்கொண்டு போனது.

வேலிக்கு அந்தப் பக்கம், நான் அக்கா முறை வைத்துக் கூப்பிடும் சபியா லாத்தாவின் வளவு. அவருடைய மூன்று வயது மகள் மர்வா அதுவரை அங்கே பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு நின்றுவிட்டது.

வில்லைப் போட்டுவிட்டு, செருப்பில்லாமல் முன்வாசலால் ஓடி, ஒழுங்கை வழியாகச் சுற்றி அவர்கள் வளவுக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரமும் எனக்கு வந்தது ஒரே சொல். யா அல்லாஹ்... யா அல்லாஹ்...

மர்வா மணலில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, வாழை மரத்தில் அம்பு.

"மாமி, குருவி வந்து குத்திட்டு" என்றாள்.

குசினிக்குள் லாத்தா தேங்காய் துருவும் சத்தம். அவர் எதையும் காணவில்லை. என் கை அம்பைப் பிடுங்கிவிட்டது. அப்படியே போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கால் வாசல் வரை போனதும் உண்மை.

திரும்பி வந்து சொன்னேன்.

லாத்தா ஏசவில்லை. பிள்ளையைத் தூக்கித் தலை, கழுத்து, முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

என் கணவர் அன்றைக்கே நாணைக் கழற்றினார். நாங்கள் போட்டிக்குப் போகவில்லை.

நாலாம் நாள் லாத்தாவே வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏன் புள்ள எனக்கிட்டச் சொன்ன? தெரியாட்டி நான் நித்திரையாவது கொண்டிருப்பன்."

இருவரும் படியில் உட்கார்ந்து அழுதோம்.

இப்போது ஊரில் கிடுகு வேலி குறைவு, எல்லாம் மதில். வில்லும் ஒன்லைனில் வருகிறது, அம்பெல்லாம் ஒரே அளவில். போன வருஷம் பெண்களுக்கென்று வில் பயிற்சி தொடங்கினார்கள். பின்னால் வலை, அதற்கும் பின்னால் மதில்... நானும் போகிறேன்.

ஒவ்வொரு தரமும் எய்வதற்கு முன் நான் அந்த மதிலைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவேன். இளம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும்.