பூசைக்காக அணைத்த இருபது கணினிகள்

கணினியறைப் பொறுப்பு எனக்கு வந்தது தகுதியால் அல்ல, வேறு ஆள் இல்லாததால். மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் கணித ஆசிரியன். தலைமையாசிரியையின் பிரிண்டரை ஒருமுறை சரிசெய்து கொடுத்தேன். அன்றோடு இருபது கணினிகள் என் தலையில் விழுந்தன.

எங்கள் பிள்ளைகளுக்கு வால் ஒன்றுதான் குறை. கணினி முகப்பில் நடிகர் படம் வைப்பார்கள், திரையைத் தலைகீழாகத் திருப்புவார்கள், அடுத்தவர் கணினியை அணைத்துவிட்டு ஓடுவார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஒரு விடுமுறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினேன். பென்டிரைவ் செருகினால் ஏற்காது. அணைக்கும் பொத்தானைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். யார் எதை மாற்றினாலும், எதைச் சேமித்தாலும், கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் நான் வைத்தபடியே திரும்பிவிடும். அழியாமல் இருக்க வேண்டியவற்றுக்குத் தனி இடம் ஒன்று ஒதுக்கி, அதை ஆசிரியர் கூட்டத்தில் மட்டும் சொன்னேன். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் குட்டிச்சுவராக்குவார்கள் என்று நினைத்தேன். அத்தனை கர்வம் எனக்கு.

ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் கணினி கிடையாது. அவர்களுடைய அடுக்குமாடியில் டிங்கிக் காய்ச்சல் வந்து இருவர் மருத்துவமனைக்குப் போனதிலிருந்து, செராய் என்கிற எலுமிச்சைப்புல் ஊறிய தண்ணீருக்குக் கொசுப்புழு சாகுமா என்று தகர டப்பாக்களில் சோதித்துக்கொண்டிருந்தாள். அதை மாநில ஆய்வுப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூன்று வாரம், பள்ளி முடிந்த பிறகு, ஏழாம் எண் கணினியில் உட்கார்ந்து விளக்கப்படம் செய்தாள். கொசுக்களைக்கூட மவுஸால் ஒவ்வொன்றாக வரைந்தாள்.

ஒரு நாள் கடன் வாங்கிய பென்டிரைவோடு வந்து நின்றாள். வேறு இடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

“அதெல்லாம் வேணாம்மா, வைரஸ் வந்துரும். இங்கயே இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது,” என்றேன்.

எங்கே சேமிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. திரையின் முகப்பிலேயே வைத்திருந்தாள். அணைக்க வழியில்லாததால் கணினிகள் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தன. அதனால் அவள் வேலையும் ஒவ்வொரு நாளும் அங்கேயே இருந்தது.

பிறகு சரசுவதி பூசை வந்தது. புத்தகத்தையும் கருவியையும் அன்று தொடக்கூடாது என்பது எங்கள் பள்ளி வழக்கம். கணினியும் கருவிதானே. திரைகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். தலைமையாசிரியை கற்பூரம் காட்டினார். கலைமகளும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று சிரித்தபடி மெயின் சுவிட்சை அணைத்தது நான். என் கையால்தான்.

திங்கட்கிழமை திறந்தேன். இருபது திரைகளிலும் ஒரே நீலப் படம், ஒரே வரிசை. நான் ஆசைப்பட்ட ஒழுங்கு. பள்ளி முடிந்து அவள் வந்து ஏழாம் எண் கணினியின் முன் உட்கார்ந்தாள். முகப்பில் அவள் விளக்கப்படம் இல்லை. புதன்கிழமை போட்டி.

“சார், நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?”

இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்பது வயது ஆளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

“தெரியலம்மா. பழைய கம்ப்யூட்டர் லா, அப்படித்தான்.”

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. ஒருவேளை வேறு கணினிக்கு மாறிப் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். முதலாம் எண்ணில் தொடங்கினாள். ஒவ்வொரு திரையின் முன்னும் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்து, அடுத்ததற்குப் போனாள். எதிலும் இருக்காது என்று எனக்குத் தெரியும். இருபதாவது வரைக்கும் அவளைத் தேட விட்டேன்.