திம்மப்பன் அறையின் ஷிப்ட் நோட்டு

நோட்டில் ‘ஓ.கே.’ என்று யாராவது எழுதியிருந்தால் திம்மப்பனுக்குச் சோறு இறங்காது. எழுதியவரை எழுப்பிவிட்டுத்தான் மறுவேலை. “ஓ.கே.ன்னா என்னாப்பா அர்த்தம்? மெசினுக்கே அப்புடி எழுதக் கூடாதுன்றாரு ஃபோர்மேன். நீ மனுசன். ஒழுங்கா எழுது” என்று பேனாவைக் கையில் திணிப்பார். இந்த நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு நான் பார்க்கப் போயிருந்த அன்று பகல் மூன்றரை மணிக்கு அப்படி எழுப்பப்பட்டவர் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த முனிவேல். ஒரு கண்ணை மட்டும் திறந்து, ‘சாப்பாடு: ரெண்டு சப்பாத்தி. தூக்கம்: நீ கெடுத்தாய். மனசு: உன்மேல் கோபம்’ என்று எழுதிவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டார். திம்மப்பன் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தட்டை எடுத்துவைத்தார்.

ஓசூர் தளி ரோட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கிறது அந்த அறை. மூன்று பேர், ஒரே கம்பெனி, இரண்டு கட்டில். ஒருவர் எப்போதும் ஷிப்டில் இருப்பதால் மூன்றாவது கட்டிலுக்கு அவசியம் வரவில்லை. கீழே மில் ஓடும்போது சுவரில் மாட்டிய கண்ணாடியும் ஆடும். சவரம் செய்பவர் கூடவே ஆட வேண்டும்.

திம்மப்பனுக்கு இருபத்தேழு வயது. கெலவரப்பள்ளி அணைப் பக்கத்து ஊர். அவர் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள்; கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் இவர்தான். கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறார். தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் சாப்பிட்டாயா என்று கேட்பார், தமிழில் எழுதுவார். பேசும்போது எதிராளியின் தோளில் உள்ளங்கையை வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. மெஷினில் பேரிங் சூடேறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துப் பழகிய கை. எனக்கும் வைத்தார். “சார், நேத்து தூங்கலியா?” என்றார். தூங்கவில்லைதான்.

கம்பெனியில் ஒரு சட்டம். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. வந்தவரிடம் மெஷின் என்ன நிலையில் இருக்கிறது, எங்கே சத்தம் வருகிறது என்று நோட்டில் எழுதி ஒப்படைக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட வேண்டும். திம்மப்பன் இந்தச் சட்டத்தை அப்படியே பஸ் ஏற்றி அறைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரே அறையில் இருந்தும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். ஆகவே ஜன்னலில் சணல் கட்டி ஒரு நீள நோட்டு தொங்கியது. சாப்பாடு, தூக்கம், மனசு, ஒப்படைத்தவர், ஏற்றவர் என்று ஐந்து கட்டம். நேரில் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்று சொல்லும் ஆண்பிள்ளைகள், கட்டம் போட்டுக் கொடுத்ததும் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். தட்டில் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்: “தொண்ணூத்தி ஆறுல வேலைக்குச் சேந்தன் சார். லைன்ல எல்லாம் டிப்ளமா, ஐ.டி.ஐ. படிச்சவனுங்க. என்னோட டிபன் பாக்ஸப் பாத்தாலே ஒதுங்குவானுங்க. ஷிப்ட் உட்டா நேரா அணைக்கட்டுல போயி உக்காந்துக்குவன். மூணு மாசம் அப்புடி. தண்ணியவே பாத்துக்கினு இருப்பன். அன்னிக்கி எவனாச்சும் வந்து ‘ஊட்டா ஆயித்தா’ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும்.” சாப்பிட்டாயா என்ற அந்த ஒரு கேள்வியை இன்றைக்கு அவரே ஓசூர் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிகிறார்.

போன வருஷம் அந்த நோட்டுக்குப் பரீட்சை வந்தது. அப்போது அறையின் மூன்றாவது ஆள் அழகர்சாமி. சிவகங்கைப் பக்கத்துப் பயிற்சித் தொழிலாளி, இருபத்தோரு வயது. ஒரு நாள் நாற்பது ஷாஃப்ட் தண்டுகளை அளவு குறைத்து அரைத்து வீணாக்கிவிட்டார். கேலி செய்தார்கள். வேலை நிரந்தரமாகாது என்றும் பயமுறுத்தினார்கள். மறுவாரம் மனசு என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது இது: ‘ஊருக்கும் போக முடியாது, இங்கேயும் முடியாது. இருந்து என்ன?’

திம்மப்பன் அதைப் படித்துவிட்டு எதிரே இருந்த ‘ஏற்றவர்’ கட்டத்தில் தன் பெயரை எழுதினார். அன்று முதல் ரிலீவர், அதாவது மாற்று ஆள், வராமல் அழகர்சாமியைத் தனியாக விடுவதில்லை என்று அவரும் முனிவேலும் முடிவு செய்தார்கள். உபதேசம் கிடையாது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். அடுத்தவர் வந்ததும் எழுந்து போவார். பெங்களூர் பஸ்ஸில் ஏற்றி மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஆனாலும் ஷிப்ட் மாறும்போதெல்லாம், ஒருவர் பஸ் பிடிக்கக் கிளம்பி அடுத்தவர் வந்து சேரும்வரை, இரண்டு மணி நேரம் ஓட்டை விழுந்தது.

ஓட்டையை அடைத்தது முனிவேலின் தப்பு. அறை நோட்டும் மெஷின் நோட்டும் ஒரே மாதிரி, தூக்கக் கலக்கம் வேறு. கம்பெனியில் மெஷின் நோட்டைத் திறந்து பழக்கதோஷத்தில் அழகர்சாமியைப் பற்றி எழுதிவிட்டார்: ‘காலையில் இரண்டு இட்லி. கண் சிவப்பு. பேச்சு குறைவு. தனியாக விட வேண்டாம்.’ ஃபோர்மேன் சென்னகிருஷ்ணன் மறுநாள் அதைப் படித்தார். அடுத்த ஷிப்டில் அதே மெஷினில் நின்ற திம்மப்பனைக் கூப்பிட்டார்.

“யார்ரா இது, இட்லி தின்னுற மெசினு?”

பொய் சொன்னால் முனிவேலுக்கு மெமோ. உண்மையைச் சொன்னால் அழகர்சாமியை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். “மொதல்ல பொய்தான் சார் வாயில வந்துச்சு. ஆனா ஒப்படைக்கிற எடத்துல மறைக்கக் கூடாதில்ல? சொல்லிட்டன்” என்றார் திம்மப்பன்.

சென்னகிருஷ்ணன் யாரோடும் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தார். இட்லி வரிக்குக் கீழே, வழக்கமாக எழுதுவது போலவே எழுதினார்: ‘நடவடிக்கை: பக்கத்து மெஷினுக்கு மாற்றவும். திம்மப்பன் ஷிப்ட்.’ கையெழுத்து, தேதி. அதோடு அழகர்சாமிக்கு வேலையும் பஸ்ஸும் அறையும் திம்மப்பனோடுதான் என்றாகி, ஓட்டை அடைந்தது. அந்தப் பக்கம் இன்னமும் கம்பெனிக் கோப்பில் பத்திரமாக இருக்கிறதாம். ஆடிட்டுக்கு வந்தவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

எழுபத்தாறு நாள் இப்படிக் காவல். திம்மப்பன் விரல்விட்டுச் சொல்கிறார். எழுபத்தேழாவது நாள் அழகர்சாமி மனசுக் கட்டத்தில், ‘முனிவேல் அண்ணன் குறட்டை தாங்க முடியவில்லை’ என்று புகார் எழுதினார். திம்மப்பன் சந்தோஷத்தில் நோட்டோடு மாடிப்படி இறங்கி, மில்காரரிடம் எல்லாம் படித்துக் காட்டினாராம். பயிற்சி முடிந்து அழகர்சாமி நிரந்தரமாகிவிட்டார். நாலு தெரு தள்ளி வேறு அறைக்குப் போனார். போகும்போது ஒரு நோட்டுக்குக் கட்டம் போட்டு எடுத்துப்போனார். இன்றைக்குப் பதினோரு அறைகளில் அந்த ஐந்து கட்டம் தொங்குகிறது. எழுதுகிற ஆண்பிள்ளைகள் நாற்பதுக்கு மேல். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

அன்று திம்மப்பன் தட்டில் சோறு அப்படியே கிடந்ததை இதையெல்லாம் கேட்ட சுவாரசியத்தில் நான் கவனிக்கவில்லை. கையைக் கழுவினார். நோட்டில் ஏதோ கிறுக்கினார். அதற்குள் அழகர்சாமி வந்தார். தினமும் ஒருமுறை வந்து பார்ப்பாராம். செருப்பைக் கழற்றியதும் நேராக ஜன்னலுக்குப் போய் நோட்டைத் திறந்தார்.

“என்னண்ணே, ஓ.கே.ன்னு எழுதியிருக்கீக?”

“சும்மாதான்ப்பா. வேலை ஜாஸ்தி.”

“ராயக்கோட்டையில நீங்க பாத்துட்டு வந்த பொண்ணு வீட்டு லெட்டர் வந்துச்சுன்னு மில்லுக்காரர் சொன்னாரே. முடியாதுன்னுட்டாகளா?”

திம்மப்பன் சோற்றுத் தட்டை எடுத்து மூடிவைத்தார். அழகர்சாமி தன் உள்ளங்கையை அவர் தோளில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அந்த ‘ஓ.கே.’யை அடித்தார்; ஏற்றவர் கட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திம்மப்பன் நோட்டை வாங்கிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. அப்படியே அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, அந்தச் சிவப்புக் கோடு எனக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினார்.