கிழக்குத் திட்டு என்று சொன்னவள்

எங்கள் ஊரில் யார் செத்தாலும் அடக்கத்தன்று பத்திரிகையில் அவரைப் பற்றி நாலு பேர் எழுதுவார்கள். மந்திரியாக இருந்திருக்க வேண்டியதில்லை. மீன் கம்பெனியில் கத்தி பிடித்தவளாக இருந்தாலும் போதும். போன பிப்ரவரியில் ஒட்னிக்கும் எழுதினார்கள். அவள் பின்னிய கையுறையில் கடல்காற்று நுழையாது என்று ஒருத்தி. அவள் போடும் காப்பியில் கரண்டி நட்டமாக நிற்கும் என்று ஒருவன். படகுக்காரன் தோர்ஃபியும் எழுதியிருந்தான். "ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவள்" என்று முடித்திருந்தான். வெளியூர்க்காரன் படித்தால் அது பாராட்டு. எங்கள் ஸ்டெய்னவிக்கில் இருக்கிறவனுக்கு அது முள்.

நான் எழுதவில்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் படகேறியவன் நான். பேனா பிடித்தால் கை மரத்துப்போகும். ஆனால் அவளைப் பற்றி எழுத வேண்டியதை மற்றவர்கள் யாரும் எழுதவில்லை. அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒட்னியின் புருஷன் ஏவிந்தூர். "ஸ்வாலா" என்கிற சின்னப் படகில் தனியாகப் போய்த் தூண்டில் போடுகிறவன். அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. பிள்ளைகள் இல்லை. அவர்கள் சமையலறை ஜன்னலில் எப்போதும் ஒரு ரேடியோ இருக்கும். படகுக்காரர்கள் பேசிக்கொள்வது அதில் கேட்கும். எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அதைத்தான் கேட்பார்கள்.

அந்த ரேடியோவில் எவனும் உண்மை பேச மாட்டான். இதைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வழக்கம். மீன் கிடைத்த இடத்தை ஒருவன் சொன்னால் அடுத்த ஒரு மணி நேரத்தில் பத்துப் படகு வந்துவிடும். அதனால் படகு விளிம்புவரை மீனோடு இருக்கிறவன், "ஒண்ணுமில்லப்பா, வெறும் தண்ணி" என்பான். மேற்கே இருப்பவன் கிழக்கு என்பான். காலையில் கரை நிலையத்துக்கு இடம் சொல்ல வேண்டும் என்று சட்டம் உண்டு. அதையும் ஊரே கேட்கும் என்பதால் அங்கேயும் பொய்தான்.

ஏவிந்தூர் உண்மையான இடத்தை ஒரே ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போவான். விடியற்காலையில், காப்பி குடிக்கும்போது, ஒட்னியிடம். அது ஊருக்கே தெரியும். கிண்டல் செய்வார்கள். "உன் பொண்டாட்டிக்கு ஒரு கடல் வரைபடம் வாங்கிக் குடு, மனப்பாடமா வச்சிருக்கிறது கஷ்டம்" என்பார்கள். அவன் சிரிப்பான். அவன் அதிகம் பேசாதவன். அவளிடம் அவன் பேசியதில் பாதி அந்த இடங்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு வருஷம் மார்ச்சில் அவன் தினமும் படகு தாழத் தாழ மீன் கொண்டுவந்தான். எங்களுக்கு வாலாட்டுகிற மீன்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் முற்பகலில் நான் அவன் வீட்டுச் சமையலறைக்குள் போனேன். வேண்டுமென்றே மூச்சு வாங்கிக்கொண்டு போனேன்.

"ஒட்னி, ஏவிந்தூரை எத்தனை தடவை கூப்பிட்டாலும் ரேடியோவுல பதிலே வரல. இஞ்சின் ஏதாவது ஆயிருக்குமோன்னு தோணுது. எங்க இருக்கான்னு சொல்லு, போய்ப் பார்த்துட்டு வரேன்."

அவள் கையிலிருந்த கிழங்கு தரையில் உருண்டது. அதை இப்போதும் பார்க்க முடிகிறது.

"எருதுப் பாறைக்கு அந்தப் பக்கம். கடல்ல இருந்து பார்த்தா மாதா கோயில் கோபுரம் மேல்பண்ணை மாட்டுக்கொட்டகைக்கு நேரா வரணும். அருவி, முனையைத் தொடுற மாதிரி தெரியணும். அங்கதான். ஓடுய்யா, சீக்கிரம் ஓடு."

ஓடினேன். ஏவிந்தூர் அங்கே நிம்மதியாகத் தூண்டில் இழுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். என் படகையும் அதில் தயாராக இருந்த தூண்டில்களையும் பார்த்தான். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் மூன்று நாள் அங்கே அள்ளினேன். துறைமுகத்தில் தோர்ஃபி அவனைப் பார்த்து, "என்ன ஏவிந்தூர், உன் ரேடியோவ விட உன் சமையக்கட்டு நல்லா வேலை செய்யுது போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எப்படிக் கேட்டு வாங்கினேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஒட்னியும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஏப்ரல் பதினேழு.

முந்தின வாரம் தூண்டில் முள் என் உள்ளங்கையைத் துளைத்திருந்தது. தையல் போட்டுக் கரையில் கிடந்தேன். மதியத்துக்குள் வாடை கிளம்பியது. சாதாரண வாடை இல்லை, கூரைத் தகரத்தைப் பிய்க்கிற வாடை. இரண்டு மணிக்கெல்லாம் எல்லாப் படகும் திரும்பிவிட்டன. ஸ்வாலா மட்டும் வரவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை.

காலையில் ஏவிந்தூர் கரை நிலையத்துக்குச் சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தோம். "கிழக்குத் திட்டுல இருக்கேன். ஒண்ணுமே இல்ல." ஊருக்குக் கிழக்கே, கடலடி மேடாக இருக்கிற மீன்பிடி இடம் அது.

மீட்புக் குழுவுக்குத் தோர்ஃபிதான் தலைவன். "அவன் கிழக்குன்னு சொன்னா, அங்க மட்டும் இருக்க மாட்டான்" என்றான். "ஒட்னிக்குத் தெரியும். டேய் ஹல்வார், உனக்குத்தான படகு ஓட்டக் கை இல்ல, நீதான் பக்கத்து வீடு. ஓடிப்போய்க் கேட்டுட்டு வா."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும், வேறு யாரையாவது அனுப்பு என்று. ஏன் என்று கேட்பான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடினேன். இந்தத் தடவை நிஜமாகவே மூச்சு வாங்கியது.

அவள் ரேடியோவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"ஒட்னி, இன்னைக்கு எங்க போனான்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

"கிழக்குத் திட்டு" என்றாள். "ரேடியோவுல சொன்னானே."

"நிஜத்தைச் சொல்லு. அன்னைக்கு மாதிரி இல்ல இது. படகுங்க கிளம்பி நிக்குது."

"கிழக்குத் திட்டுதான்."

அவள் என்னை நம்பவில்லை என்று நினைத்தேன். மண்டியிட்டிருக்கலாம். கட்டுப்போட்ட கையைக் காட்டி, நான் எங்கே மீன் பிடிக்கப் போகிறேன் என்று கத்தியிருக்கலாம். தோர்ஃபியைக் கூட்டிவந்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. துறைமுகத்துக்குத் திரும்பி, "கிழக்குதானாம்" என்றேன். மூன்று படகுகள் கிழக்கே போயின. இருட்டும்வரை தேடின. அந்தக் காற்றில் ஹெலிகாப்டரும் பறக்க முடியவில்லை.

இரண்டாம் நாள், மேற்கே, யாரும் குடியில்லாத குடாவில் ஒரு மீன் தொட்டியும் படகின் முகப்புப் பலகை ஒன்றும் ஒதுங்கின. பலகையில் "ஸ்வா" வரைக்கும் இருந்தது. ஏவிந்தூர் கிடைக்கவேயில்லை.

ஊர் என்ன சொல்லும்? புருஷனைவிட மீன் இருக்கிற இடம் அவளுக்குப் பெரிதாகிவிட்டது என்றது. கடைசிவரைக்கும் வாயைத் திறக்கவில்லை பார் என்றது. மீன் கம்பெனியில் இடைவேளைக்கு அவள் உட்காரும் மேஜையில் மற்ற நாற்காலிகள் காலியாக இருக்கும். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுவிட்டு, மற்றவர்களுக்கு முன்னால் எழுந்துபோய்க் கத்தியைத் தீட்டுவாள். ஒரு நாளும் ஒருவரிடமும் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. ரேடியோவை மட்டும் அணைக்கவே இல்லை என்று சொன்னார்கள்.

நான் அடுத்த வருஷமே வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போய்ப் பெரிய கப்பலில் சேர்ந்தேன். வருஷா வருஷம் ஜூனில், கடலோடிகள் நாளுக்கு மட்டும் ஊருக்கு வருவேன். ஊர் மண்டபத்தில் அப்பம் தின்பேன், காப்பி குடிப்பேன். அவள் தெரு வழியாகப் போக மாட்டேன். இருபத்தாறு வருஷம் அப்படிப் போயிற்று.

போன ஜூனில் அப்படி வந்தபோது அவளுக்குக் குடலில் புற்று என்று கேள்விப்பட்டேன். நேராக அவள் வீட்டுக்குப் போனேன். தட்டாமல் கதவைத் திறந்தேன், எங்கள் ஊர் வழக்கப்படி. சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக்குள் ஆளே இல்லாததுபோல இளைத்திருந்தாள். ஜன்னலில் ரேடியோ யாரோ ஒருவனின் பொய்யைப் பேசிக்கொண்டிருந்தது.

"அடேயப்பா, ஹல்வாரா? இத்தனை வருஷமா என் தெருவையே மிதிக்காதவனாச்சே. காலு வலியா, மனசு வலியா?"

"ரெண்டும்தான்."

"உக்காரு. காப்பி நேத்து போட்டது. உனக்கு அது போதும்."

கசந்தது. குடித்தேன். பிறகு மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "இன்னைக்கு மண்டபத்துல எல்லாரும் இருக்கும்போது எந்திரிச்சு சொல்லப் போறேன், ஒட்னி. முதத் தடவை உன்னை ஏமாத்தினது நான்தான்னு. அதனாலதான் அன்னைக்கு நீ என்னை நம்பல, இடத்தை மறைச்சிட்டன்னு. பழி என்னோடது. உன் மேல கிடந்தது போதும்."

அவள் காப்பியோடு கடிக்கிற சர்க்கரைக் கட்டி ஒன்றைப் பல்லுக்கிடையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"உன்னை நம்பலன்னு யாருய்யா சொன்னா?"

"பின்ன?"

"எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அவன் எங்க போனான்னு எனக்குத் தெரியாது, முட்டாளே." சர்க்கரை உடைகிற சத்தம் கேட்டது. "நீ அந்த மீனை அள்ளிட்டு வந்தியே, அன்னைக்கோட சொல்றத நிறுத்திட்டான். திட்டல. கோவமாக்கூட இல்ல. காலையில காப்பியைக் குடிப்பான், பூட்ஸ மாட்டுவான், போயிருவான். ரெண்டு வருஷம். நானும் கேக்கல. எனக்கும் வீம்பு. அவனா சொல்லட்டும்னு இருந்தேன்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு உன் மூஞ்சியை அவ்வளவு நேரம் பார்த்தேனே, எதுக்குன்னு நினைச்ச? அடுத்தவன் இடத்தை மோப்பம் பிடிக்கிறவனாச்சே, இவனுக்காவது தெரிஞ்சிருக்குமான்னு பார்த்தேன். உனக்கும் தெரியல. ரேடியோ சொன்னதைத்தான் சொன்னேன். என்கிட்ட வேற என்ன இருந்துச்சு?"

"அதை ஊருல சொல்லியிருக்கலாமே, ஒட்னி. இத்தனை வருஷம் ஏன் பேச்சு வாங்கணும்?"

"என்னன்னு சொல்றது? என் புருஷனுக்கு என் மேல நம்பிக்கை விட்டுப்போச்சுன்னா?" அவள் குரல் உயரவில்லை. "தெரிஞ்சும் சொல்லாதவள்னு பேசினாங்க. பேசட்டும். அந்தப் பேச்சுக்குள்ள ஏவிந்தூர் காலையில என்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கான். எனக்கு அது வேணும். நீ இன்னைக்கு மண்டபத்துல எந்திரிச்சா அதுவும் போயிரும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளைவிட்டு ஒரு பாரத்தை இறக்க வந்தவன் நான். அவள் அதைப் பாரமாகத் தூக்கவில்லை, கடைசிச் சொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மண்ணுக்குள்ள போனப்புறம் உன் இஷ்டம்" என்றாள். "அதுவரைக்கும் வாயை மூடிக்கோ. உன் மாதிரி படகுக்காரனுக்கு மீன் இருக்கிற இடத்தை மட்டுந்தான் ஒளிக்கத் தெரியுமா?"

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தாள். கடலோடு போனவர்களுக்கு மலர்வளையம் போட ஊரே தோர்ஃபியின் படகில் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற வீட்டுக்காரர்களுக்கு இடம் தெரியும். அவர்கள் ஆள் முழுகின இடத்துக்கு நேராகப் போய்ப் போடுவார்கள். ஒட்னி மட்டும் வருஷா வருஷம் துறைமுக வாயிலேயே போட்டுவிடுவாள். அதையும் ஊர் ஒரு குற்றமாகத்தான் வைத்திருந்தது.

தோர்ஃபிக்கு இப்போது எழுபது வயதிருக்கும். அவளைக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, பத்துப் பேர் கேட்கச் சொன்னான்: "இந்த வருஷமாவது இடத்தைச் சொல்லு ஒட்னி. நேரா அங்கயே கூட்டிட்டுப் போறேன்."

நான் வாயைத் திறந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். உள்ளங்கைத் தழும்பில் அவள் கட்டைவிரல் அழுந்தியது.

"சொல்ல மாட்டேன்" என்றாள் தோர்ஃபியிடம். "சொன்னா நாளைக்கே அங்க தூண்டில் போட்டுருவ."

படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

துறைமுக வாயில் படகு மெதுவானது. அவளும் நானும் பின்பக்கம் போனோம். மற்றவர்கள் பாதிரியார் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு முன்பக்கம் நின்றார்கள். அவள் வளையத்தைத் தண்ணீரில் விட்டாள். அது கொஞ்சம் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாததுபோல அங்கேயே நின்றது. அவள் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். அந்த இரண்டு வருஷம் விடியற்காலையில் காப்பிக் கோப்பைக்கு மேலாகக் கேட்டிருக்க வேண்டியதை, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"எங்க போறேன்னு சொல்லிட்டுப் போய்யா."