செல்வராணி மெல்லிசைக் குழுவின் பெண்குரல்

மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பஞ்சுக்கு ஒரு நாற்றம் உண்டு. அதை இன்று எங்கே மோந்தாலும் என் தொண்டை தானாகவே பாடத் தயாராகிவிடும். மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்களுடைய ஒற்றை அறை "கோலி"யின் நான்கு சுவர்களிலும் பழந்துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த "கோதடி"களை அப்பா ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஞாயிறுதோறும் அங்கே ஒத்திகை நடக்கும். சத்தம் வெளியே போனால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள் என்பதால் கதவையும் சாத்திவிடுவார்கள். அக்கார்டியனோடு அப்பா, டிரம் செட்டோடு காதர் மாமா, மாட்டுங்கா ஆபீஸ்காரர்களான இரண்டு வயலின்காரர்கள், ஆண்குரல் பாடும் ஒருவர், இத்தனை பேருடைய மூச்சுக்கும் வியர்வைக்கும் நடுவில், ஒன்பது வயதில், மைக் எட்டுவதற்காக ஒரு எண்ணெய் டின் மேல் ஏறி நான் நிற்பேன்.

அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. கடையநல்லூர்க்காரரான காதர் மாமா தையல் பட்டறை வைத்திருந்தார். இருவரும் டீக்கடையில் பேசிப் பேசியே குழுவைச் சேர்த்துவிட்டார்கள். பெண்குரல் மட்டும் கிடைக்கவில்லை. கேம்பில் எந்த வீட்டிலும் வயதுக்கு வந்த பெண்ணை மேடையேற்ற விடமாட்டார்கள். "நாளைக்கு அவள யாரு கெட்டுவா?" என்று நான்கு வீட்டிலும் சொல்லிவிட, முகம் வாடித் திரும்பிய அப்பா, ஐந்தாவதாகத் தன் வீட்டைப் பார்த்தார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "சடங்கான அன்னைக்கே மைக்க கீழ வச்சிரணும். பெறவு ஒரு நாளு கூட கெடையாது, சொல்லிட்டேன்." மூன்று நான்கு வருடம் கழித்து என்ன ஆகும் என்று யோசிக்கும் வழக்கமே இல்லாத அப்பா, சரி என்றதோடு நிற்காமல் குழுவுக்கு என் பெயரையே வைத்து, பெரிய டிரம்மின் தோலில் எழுதியும் விட்டார். "பேரு வச்சாச்சுல்லா, இனி பிள்ள எங்கயும் ஓடிர முடியாது" என்று காதர் மாமா சிரித்தார். அது எனக்குச் சிரிப்பாக இல்லை.

குழு வளர்ந்தது. சுனாபட்டியில் கல்யாணம், செம்பூரில் வரவேற்பு, அம்பர்நாத்தில் ஆலைத் தொழிலாளர்களின் பொங்கல் விழா என்று ரயிலின் "லக்கேஜ் டப்பா"வில் டிரம்மை ஏற்றி, அதன் மேல் என்னையும் உட்காரவைத்துக் கொண்டுபோவார்கள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன் என்பதால் பாட்டு நோட்டை இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு, அர்த்தம் தெரியாத காதல் பாட்டுகளை உருகி உருகிப் பாடுவேன். தொண்டை கட்டிவிடும் என்று, சீவிய ஐஸைக் குச்சியில் உருட்டித் தரும் "கோலா" தின்ன விடமாட்டார்கள்; மழையில் நனைய விடமாட்டார்கள்; நான் ஒரு தும்மல் போட்டால் ஐந்து ஆண்களின் முகமும் விழுந்துவிடும். சந்தில் என் வயதுப் பிள்ளைகள் விளையாடும் கூச்சல் கோதடியைத் தாண்டி மங்கலாகக் கேட்கும். அந்த அறையை நான் மனதார வெறுத்தேன். ஆனால் மேடை வேறு. அங்கே காற்று உண்டு, வாயைத் திறந்தால் தெரு முழுக்க அமைதியாகும். அந்தக் காற்றுக்காகத்தான் ஞாயிறுதோறும் அந்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பதின்மூன்றாவது வயதில், கேம்ப் அம்மன் கோயில் கொடைக்கு முந்தின நாள், நான் வயதுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். மறுநாள் அம்மன் சன்னதிக்கு நேர் எதிரே நின்று அதுவரை பாடாத அளவுக்கு நன்றாகப் பாடினேன். அடுத்த நாள் துணி துவைக்கும்போது அம்மா கண்டுபிடித்துவிட்டாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தா மொகத்துக்கு முன்னாலயே தீட்டோட நின்னு பாடிருக்கியேட்டி" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கற்பூரமும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு தனியாகப் போய் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

ஒற்றை அறை வீட்டில் என்னைத் தனியாக உட்காரவைக்க வேறு இடம் இல்லாததால், வாத்தியங்களை அடுக்கிவைக்கும் பரணில் பதினாறு நாள் வைத்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் தகரக்கூரை தலையில் இடிக்கும். பக்கத்தில் என் பெயர் எழுதிய டிரம்.

சடங்கு நாளன்று சந்தில் பந்தல் போட்டு எங்கள் குழுவே வாசித்தது. பட்டுச் சேலையும் கழுத்து நிறைய மாலையுமாக வாடகை நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். மைக் நான்கடி தூரத்தில். "பொம்பள வரிய யாரு பாடுவா, அண்ணாச்சி?" என்று காதர் மாமா மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது. "அவ வரி அவளுக்குள்ளது. யாரும் பாட வேண்டாம், அந்த எடத்த சும்மா விடுங்க" என்றார் அப்பா. பெண்குரல் வரவேண்டிய இடத்தில் அவருடைய அக்கார்டியன் நின்றது. டிரம் மட்டும் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, சந்தே என் முகத்தைப் பார்த்தது. அம்மாவின் கை என் தோளில் இருந்தது. நான்கு வரியையும் விழுங்கினேன்.

அதன் பிறகு குழு ஒரு வருடம் நொண்டியது. கல்யாண வீடுகளில் வீடியோ டெக் வாடகைக்கு எடுக்கத் தொடங்கியதும் அதுவும் நின்றது. அப்பா இல்லை, காதர் மாமா இல்லை; அந்தச் சந்து இருந்த இடத்தில் இப்போது லிப்ட் வைத்த கட்டடம் நிற்கிறது. டிரம் தோல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

சமையலறையில் பழைய பாட்டு ஏதாவது ஒலித்தால் ஆண்குரல் வரிகளைக் கூடவே பாடுவேன். பெண்குரல் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். "அந்த வரி மட்டும் ஒனக்குத் தெரியாதோ?" என்று என் கணவர் கேட்பார். முப்பது வருடமாகத் தெரியாது என்றே சொல்லிவருகிறேன்.